சின்ன டேப்பர்ல ஃபினிஷ் வரலியா? சிஎன்சி லேத்துல புதுசா நிக்கிறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

ராணிப்பேட்டை சிப்காட், காட்பாடி, அரக்கோணம் பக்கம் இருக்கிற ஜாப் ஒர்க் ஷாப்புங்கள்ல ஐடிஐயோ டிப்ளமோவோ முடிச்சிட்டு புதுசா சிஎன்சி லேத்துல நிக்கிற தம்பி தங்கச்சிங்களுக்காக இதை எழுதுறேன். 2019ல ராணிப்பேட்டை தனி மாவட்டமா பிரிஞ்சிடுச்சி, ஆனா ஷாப்புல இருக்கிற பெருசுங்க இன்னும் எல்லாத்தையும் சேத்து வட ஆற்காடுன்னுதான் சொல்றாங்க, அந்த வட்டாரம் பூரா இந்த ஒரு ப்ராப்ளம் வராத ஷாப்பே இல்லன்னு சொல்லலாம். ஸ்ட்ரெய்ட் டர்னிங் கண்ணாடி மாதிரி வருது, ஃபேசிங் நல்லா வருது, அதே ஜாப்ல ஒரு சின்ன டேப்பர் (லேசா கூம்பு மாதிரி சாயற எடம்) வந்தா மட்டும் மேல வளையம் வளையமா கோடு, இல்லன்னா மங்கலா ஒரு பட்டை, பளபளன்னு ஒரு பட்டை, திரும்ப மங்கல்.

சின்ன டேப்பர்னா எதை சொல்றேன்னா 1:20, 1:50 இந்த மாதிரி. 1:20ன்னா 20 எம்எம் நீளத்துக்கு டயா 1 எம்எம் ஏறுது, ஒரு பக்கத்து கோணம் ஒன்றரை டிகிரி கூட வராது. மோர்ஸ் டேப்பரும் கிட்டத்தட்ட இதே அளவுதான். டேப்பர் பின் 1:50, அது இன்னும் சின்னது, அரை டிகிரிக்கு கொஞ்சம் மேல. பம்ப் ஷாஃப்ட்ல கப்ளிங் உக்கார்ற டேப்பர், வால்வு பார்ட்டு, ஆர்பர், மோல்டு பின்னுல குடுக்கிற ட்ராஃப்ட்டு, இதெல்லாம் இந்த குடும்பம்தான்.

இதுல புதுசா வர்றவங்க இன்னா பண்றாங்கன்னா, கோடு தெரிஞ்ச உடனே இன்சர்ட்ட (டூல்ல மாட்டுற வெட்டுற துண்ட) திருப்பி போடுறாங்க, அதுலயும் சரியாவலன்னா ஃபீட பாதியா குறைக்கிறாங்க, அப்பவும் ஆவலன்னா இன்னும் குறைக்கிறாங்க. சின்ன டேப்பர்ல ஃபீட குறைச்சா சில நேரம் கோடு அதிகமாத்தான் ஆவும். ஏன்னு புரிஞ்சிக்கிட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி, அதனால முதல்ல அதை சொல்லிட்டு அப்புறமா ஸ்டெப்புக்கு போறேன்.

எக்ஸ் ஆக்ஸிஸ் எவ்ளோ மெதுவா போவுதுன்னு கணக்கு போட்டு பாருங்க

இசட்னா ஜாப்போட நீளத்துல போற ஆக்ஸிஸ், எக்ஸ்னா டயாவ மாத்துற குறுக்கு ஆக்ஸிஸ். 1000 ஆர்பிஎம், ஃபீட் (ஒரு சுத்துக்கு டூல் நவர்ற தூரம்) 0.1ன்னு வெச்சிக்கங்க. இசட் நிமிஷத்துக்கு 100 எம்எம் போவுது. 1:50 டேப்பர்ல இசட் 1 எம்எம் போனா ரேடியஸ்ல எக்ஸ் 0.01 எம்எம்தான் நவரணும். அப்போ எக்ஸ் ஸ்லைடு நிமிஷத்துக்கு 1 எம்எம் வேகத்துல நவருது. ஒரு முழு நிமிஷத்துல ஒரே ஒரு எம்எம், டூலெல்லாம் மாட்டியிருக்கிற அவ்ளோ கனமான டரெட்ட தூக்கிக்கினு. கனமான பீரோவ மெதுவா தள்ளிப்பாருங்க, கொஞ்ச நேரம் நவராது, அப்புறம் திடீர்னு ஒரு இஞ்ச் நவுந்து நிக்கும், திரும்ப தள்ளணும், ஸ்லைடும் அப்படித்தான் போவுது. சர்வோ மோட்டார் சுத்தினே இருக்கும், பால் ஸ்க்ரூவும் சுத்தும், ஸ்லைடு மட்டும் ஒட்டிக்கினு நின்னு சில மைக்ரான் (எம்எம்ல ஆயிரத்துல ஒரு பங்கு) பாக்கி சேர்ந்ததும் ஒரு குதி குதிக்கும். ஸ்டிக் ஸ்லிப்புன்னு சொல்றது இதைத்தான்.

அந்த குதி ரேடியஸ்ல 5 மைக்ரான்னு வெச்சா 1:50 டேப்பர்ல ஒவ்வொரு அரை எம்எம்முக்கும் ஒரு படி விழும், 1:20ல 0.2 எம்எம்முக்கு ஒரு படி. கோணம் குறைய குறைய படிக்கும் படிக்கும் நடுவுல தூரம் அதிகமாவும், கண்ணுக்கு இன்னும் நல்லா தெரியும். 45 டிகிரி சேம்ஃபர்ல இதே மிஷின் நல்ல ஃபினிஷ் குடுக்கும், ஏன்னா அங்க எக்ஸும் இசட்டும் ஒரே வேகத்துல ஓடுது, ஸ்லைடு ஒட்டிக்கிறதுக்கு நேரமே இல்ல. இப்ப ஃபீட பாதியாக்கினா எக்ஸ் வேகமும் பாதியாவும், நிமிஷத்துக்கு அரை எம்எம், இன்னும் நல்லா ஒட்டும். ஃபீட குறைச்சும் ஏன் சரியாவலன்றதுக்கு காரணம் இதுதான்.

முதல் வேலை, பக்கத்துல ஒரு ஸ்ட்ரெய்ட் எடுத்து பாருங்க

எதையும் மாத்தாதீங்க. அதே இன்சர்ட், அதே ஸ்பீடு, அதே ஃபீடு, அதே டெப்த், அதே மெட்டீரியல், டேப்பருக்கு பக்கத்துலயே ஒரு 15, 20 எம்எம் நீளத்துக்கு ஸ்ட்ரெய்ட்டா ஒரு கட்டிங் போடுங்க. ஸ்க்ராப் பீஸ் ஒண்ணு கைல இருந்தா அதுலயே செய்யலாம். ஸ்ட்ரெய்ட்டும் மோசமா வந்துச்சின்னா உங்க ப்ராப்ளம் டேப்பர் இல்ல, இன்சர்ட்டோ, ஸ்பீடோ, ஜாப் புடிச்ச விதமோ, கூலன்ட்டோ, டரெட்டோ, அந்த பக்கம் போய் தேடுங்க. ஸ்ட்ரெய்ட் நல்லா வந்து டேப்பர் மட்டும் மோசமா வந்தா இன்சர்ட்ட விட்டுடுங்க, எக்ஸ் ஆக்ஸிஸையும் ப்ரோக்ராமையும் புடிங்க. இந்த ஒரு டெஸ்டு பண்ணாம இன்சர்ட் பாக்ஸ் பாக்ஸா காலி பண்ற ஷாப்பெல்லாம் இருக்குது, ஒரு சிஎன்எம்ஜி இன்சர்ட் முனை என்ன விலைன்னு ஸ்டோர்ல கேட்டு பாருங்க, மனசு கஷ்டமா இருக்கும்.

ரெண்டாவது, கோட்ட படிக்க கத்துக்கங்க

ஒரு ஐ கிளாஸ், இல்லன்னா மொபைல் கேமராவ ஜூம் பண்ணி வெச்சிக்கினு கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவுல எவ்ளோ தூரம்னு ஸ்கேல் பக்கத்துல வெச்சி பாருங்க. தூரம் சரியா உங்க ஃபீடுக்கு சமம்னா அது சாதாரண ஃபீட் மார்க்குதான், ஆழமா இருந்தா நோஸ் ரேடியஸ் (இன்சர்ட் முனையோட வளைவு) பத்தல, இல்லன்னா முனை தேஞ்சிருக்குது. தூரம் ஃபீட விட ரொம்ப அதிகமா இருந்து, ஃபீட மாத்தினாலும் தூரம் பெருசா மாறலன்னா எக்ஸ் குதிக்குதுன்னு நெனச்சிக்கங்க. அதை உறுதி பண்ண வேற கோணத்துல ஒரு டேப்பர் போட்டு பாருங்க, 1:50ல பாத்த தூரம் 1:25ல பாதியாச்சின்னா சந்தேகமே வேணாம், எக்ஸ்தான். கோடு சாய்வா ஸ்பைரல் மாதிரி போய், கட்டிங் சமயத்துல ங்ஙீன்னு ஒரு சத்தமும் வந்து, ஆர்பிஎம் மாத்தினா கோட்டோட சாய்வும் மாறினா அது சேட்டர், அதிர்வு. டேப்பர் ஆரம்பிக்கிற எடத்துல மட்டும் கொஞ்ச தூரம் ஸ்ட்ரெய்ட்டா போய் அப்புறம் ஏற ஆரம்பிச்சா அது பேக்லாஷ், அதாவது திசை திரும்பும்போது ஸ்லைடு நவராம வீணாவுற லூசு. நடுவுல ஒரே ஒரு வளையம் மட்டும் ஆழமா இருந்தா டூல் அங்க ஒரு நொடி நின்னிருக்குது, ப்ரோக்ராம பாருங்க.

மூணாவது, எக்ஸுக்கு டயல் வெச்சி பாக்குறது

இதுதான் முக்கியமான டெஸ்டு, நிதானமா பண்ணுங்க. 1 மைக்ரான் லீவர் டயல் வேணும், 10 மைக்ரான் டயல்ல இது தெரியாது. மேக்னட் பேஸ சக் முகத்துல இல்ல ஸ்பிண்டில் பக்கம் வெச்சி, டயல் முனைய டரெட் முகத்துலயோ டூல் ஹோல்டர்லயோ எக்ஸ் திசைல தொட வைங்க. ஸ்பிண்டில் நின்னிருக்கணும், கதவு திறந்து வேலை செய்றீங்க, அதனால மோடு ஹேண்டில்ல மட்டும் இருக்கணும், பக்கத்துல யாரும் பட்டன் அமுக்காத மாதிரி சொல்லி வெச்சிடுங்க.

ஹேண்டில ஒரு க்ளிக்குக்கு 1 மைக்ரான் நவர்ற எக்ஸ்1 அளவுல வெச்சி ஒரே திசைல ஒரு 30, 40 க்ளிக் சுத்துங்க, பேக்லாஷ் முழுசா எடுத்துக்கட்டும். அப்புறம் அதே திசைல ஒவ்வொரு க்ளிக்கா சுத்தி டயல பாருங்க. ஸ்க்ரீன்ல காட்டுறது டயா, டயல் காட்டுறது ரேடியஸ், அதனால டயல்ல பாதிதான் தெரியும், பயந்துடாதீங்க. ஸ்லைடு நல்லா இருந்தா ரெண்டு க்ளிக்குக்கு ஒரு மைக்ரான்னு முள்ளு மெதுவா ஏறினே இருக்கும். பத்து க்ளிக் சுத்தியும் முள்ளு அசையாம இருந்து அப்புறம் திடீர்னு 4, 5 மைக்ரான் தாவிச்சின்னா வியாதி புடிபட்டுச்சி. அப்புறம் திசைய திருப்பி, முள்ளு அசையறதுக்கு எத்தன க்ளிக் வீணாவுதுன்னு எண்ணுங்க, அது பேக்லாஷ், அதையும் எழுதி வைங்க.

குதிக்குதுன்னு தெரிஞ்சதும் முதல்ல பாக்க வேண்டியது ஆயில். லூப் டேங்க்ல ஆயில் இருக்குதான்னு பாக்குறது மட்டும் பத்தாது, ஆயில் எக்ஸ் ஸ்லைடுக்கு போய் சேருதான்னு பாக்கணும். எமர்ஜென்சிய அமுக்கிட்டு, மெயின்டனன்ஸ் அண்ணன கூட வெச்சிக்கினு டெலிஸ்கோப் கவர தள்ளி ஸ்லைடு வழில விரல வெச்சி தடவுங்க. விரல்ல ஆயில் படலம் வரணும். காஞ்சி கெடந்தா, இல்ல கருப்பா பசை மாதிரி வந்தா, அந்த லைன் அடைச்சிருக்குது. டிஸ்ட்ரிப்யூட்டர்ல இருந்து வர்ற சின்ன கார்ட்ரிட்ஜ் ஒண்ணு அடைச்சாலும் பம்ப் பாட்டுக்கு ஓடினே இருக்கும், அலாரம் வராது, நாம எல்லாம் சரியா இருக்குதுன்னே நெனச்சிக்கினு இருப்போம். ஆயிலும் ஸ்லைட்வே ஆயில்தான் ஊத்தணும், பொதுவா 68 கிரேடு, அந்த ஆயில்ல ஸ்லைடு ஒட்டாம இருக்கிறதுக்குன்னே சரக்கு சேத்திருக்காங்க. கைல இருக்குதுன்னு ஹைட்ராலிக் ஆயில ஊத்தி வெக்கிற பழக்கம் நம்ம பக்கம் நிறைய ஷாப்புல இருக்குது, டேப்பர் ஜாப் எடுக்கிற ஷாப்புல அதை கண்டிப்பா நிறுத்தணும்.

ஆயில் சரியா இருந்தும் குதிச்சா ஜிப் (ஸ்லைடு இடைவெளிய சரி பண்ற பட்டை) டைட்டா இருக்கலாம், ஸ்லைடு நேரா வழி மேல வழுக்குற பாக்ஸ் வே மிஷின்ல இது சகஜம், பால் இல்ல ரோலர் மேல ஓடுற எல்எம் கைடு மிஷின்ல ரொம்ப குறைவு. அதுக்கப்புறம் பால் ஸ்க்ரூ பேரிங், கப்ளிங். இதெல்லாம் ஆப்பரேட்டர் கை வெக்கிற எடம் இல்ல, டயல்ல பாத்ததை எழுதி மெயின்டனன்ஸ்கிட்ட குடுங்க, "ஃபினிஷ் வரல அண்ணே"ன்னு சொல்றதுக்கும் "எக்ஸ் பத்து க்ளிக்குக்கு ஒரு தடவ 5 மைக்ரான் தாவுது அண்ணே"ன்னு சொல்றதுக்கும் வித்தியாசம் இருக்குது, ரெண்டாவதா சொன்னா உடனே எழுந்து வருவாங்க. ஃபேனக் கன்ட்ரோல்ல பேக்லாஷ் காம்பன்சேஷன் 1851ஆவது பாராமீட்டர்ல இருக்கும், அதை மாத்துறதுன்னா பழைய வேல்யூவ எழுதி வெச்சிட்டு பொறுப்புல இருக்கிறவங்கதான் மாத்தணும், நீங்க தொடாதீங்க.

மிஷின் சரியாவற வரைக்கும் வேலை நிக்கக்கூடாதுன்னா ஒரு வழி இருக்குது, எக்ஸ் வேகத்த ஏத்துங்க. ஆர்பிஎம்ம ஏத்தி, ஃபீடையும் கொஞ்சம் ஏத்தி, ஃபீட் மார்க் ஆழமாவாம இருக்க நோஸ் ரேடியஸ 0.4ல இருந்து 0.8க்கு மாத்துங்க. ஃபீட் மார்க்கோட உயரம் ஃபீடோட ஸ்கொயர நோஸ் ரேடியஸோட எட்டு மடங்கால வகுத்தா வரும். ஃபீட் 0.15, ரேடியஸ் 0.8ன்னா 3.5 மைக்ரான். அதே ஃபீடு 0.4 ரேடியஸ்ல 7 மைக்ரான். நீளமா ஒல்லியா இருக்கிற ஜாப்ல மட்டும் ரேடியஸ் ஏத்தினா தள்ளுற ஃபோர்ஸ் அதிகமாயி சேட்டர் வரும், அங்க யோசிச்சி செய்ங்க.

நாலாவது, ப்ரோக்ராம்

இதுல ரெண்டு மூணு விஷயம் இருக்குது, மிஷின் நல்லா இருந்தும் டேப்பர் கெடுறது இங்கதான்.

ஒண்ணு, டூல் எந்த திசைல இருந்து வந்து டேப்பர ஆரம்பிக்குதுன்றது. மேல இருந்து எக்ஸ் மைனஸ்ல இறங்கி வந்து அப்படியே டேப்பர்ல எக்ஸ் ப்ளஸ்ல ஏற ஆரம்பிச்சா, அந்த எடத்துல எக்ஸ் திசை திரும்புது, பேக்லாஷ் முழுசும் அங்க வெளிய வரும். ரேடியஸ்ல 10 மைக்ரான் பேக்லாஷ்னா 1:50 டேப்பர்ல முதல் 1 எம்எம் ஏறாம ஸ்ட்ரெய்ட்டா போவும், 1:20ல 0.4 எம்எம். அதனால திசை திரும்புற வேலை எல்லாம் காத்துல நடக்கணும், மெட்டல்ல நடக்கக்கூடாது. டேப்பர் கோட்ட வெளிய 3, 5 எம்எம் நீட்டி, அதுக்கும் கீழ டயாவுக்கு டூல கொண்டு போய், கீழ இருந்து மேல ஏறி வந்து கட்டிங்க ஆரம்பிங்க.

உதாரணத்துக்கு 1:20 டேப்பர், சின்ன டயா 25, நீளம் 50, அப்போ பெரிய டயா 27.5. இசட் 3ல ஆரம்பிக்கணும்னா அந்த எடத்துல டயா 25ல இருந்து 3ஐ 20ஆல வகுத்தத கழிக்கணும், 0.15 போக 24.85. ப்ரோக்ராம் இப்படி வரும்:

ஜி00 எக்ஸ்20.0 இசட்8.0
ஜி42 ஜி01 எக்ஸ்24.85 இசட்3.0 எஃப்0.3
எக்ஸ்27.5 இசட்-50.0 எஃப்0.12
எக்ஸ்32.0
ஜி40 ஜி00 எக்ஸ்60.0 இசட்100.0

எக்ஸ் 20ல இருந்து 24.85க்கு ஏறி, அதே திசைல 27.5 வரைக்கும் ஏறினே போவுது, நடுவுல எங்கயும் திரும்பல. முதல் லைன்ல எக்ஸ் 20க்கு இறங்கற எடம் ஃபேசுக்கு வெளிய 8 எம்எம்ல இருக்குது, அதனால ஜாப்ல இடிக்காது. ஆனா டெயில்ஸ்டாக் சென்டர் போட்டிருந்தா இதை அப்படியே போட்டுடாதீங்க, டூல் நேரா சென்டர்ல போய் இடிக்கும். சென்டர் இருக்கும்போது எவ்ளோ எடம் கிடைக்குதோ அந்த அளவுக்கு மட்டும் வெளிய நீட்டுங்க, முதல் தடவ சிங்கிள் பிளாக்ல, ராபிட் ஓவர்ரைடு கம்மியா வெச்சி, கைய ஃபீட் ஹோல்டு மேல வெச்சிக்கினு ஓட்டுங்க.

ரெண்டு, நோஸ் ரேடியஸ் காம்பன்சேஷன், முனை வளைவால வர்ற அளவு தப்ப கன்ட்ரோலே சரி பண்றது. ஜி42 போட்டா மட்டும் போதாது, ஆஃப்செட் பேஜ்ல ஆர்ல நோஸ் ரேடியஸும், டிப் நம்பர்ல (முனை எந்த பக்கம் பாக்குதுன்ற நம்பர்) 3ம் இருக்கணும், போரிங்குக்கு ஜி41, டிப் நம்பர் 2. இது இல்லாம 1:20 டேப்பர 0.8 ரேடியஸ்ல ஓட்டினா டயா சுமார் 0.04 பெருசா வரும். கோணம் சரியாத்தான் இருக்கும், எடம் தள்ளிப்போவும். நிறைய பேரு அந்த 0.04ஐ எக்ஸ் ஆஃப்செட்ல கழிச்சிட்டு சரியாயிடுச்சின்னு விட்டுடுவாங்க, அப்போ அதே டூல்ல பக்கத்துல இருக்கிற ஸ்ட்ரெய்ட் டயா 0.04 சின்னதாவும், அப்புறம் அதுக்கு ஒரு ஆஃப்செட், ஸ்ட்ரெய்ட்டும் டேப்பரும் சேர்ற எடத்துல ஒரு படி. முதல்லயே ஆர் வேல்யூ போட்டுட்டா இந்த தலைவலி எதுவும் இல்ல. ஜி90 சைக்கிள்ல டேப்பர் போடுறவங்க அதுல வர்ற ஆர் ரேடியஸ் கணக்கு, டயா இல்லன்றதையும், டூல் நிக்கிற இசட்ல இருந்து கணக்கு போடணும், ஃபேஸ்ல இருந்து இல்லன்றதையும் மறக்காதீங்க.

மூணு, டேப்பர் ஒரே லைன்ல முடியணும். கேம் சாஃப்ட்வேர்ல இருந்து வர்ற ப்ரோக்ராம்ல சில நேரம் ஒரு டேப்பர் பத்து துண்டா உடைஞ்சி வரும், ஒவ்வொரு சேர்ற எடத்துலயும் மெல்லிசா ஒரு வளையம் விழும். ஒவ்வொரு லைன் முடிவுலயும் நின்னு போற ஜி61 மாதிரி எக்ஸாக்ட் ஸ்டாப் எங்கயாவது ஆன்ல இருந்தாலும் இதே கதை, ஜி64க்கு மாத்துங்க.

இன்னொண்ணு, ஜி96 கான்ஸ்டன்ட் சர்ஃபேஸ் ஸ்பீடு, டயாவுக்கு ஏத்த மாதிரி ஆர்பிஎம்ம மிஷினே மாத்திக்கிறது. டயா 25ல இருந்து 27.5க்கு போறதுக்குள்ள நிமிஷத்துக்கு 200 மீட்டர் கட்டிங் ஸ்பீடுல ஆர்பிஎம் சுமார் 2550ல இருந்து 2315க்கு இறங்குது. இந்த இறக்கத்துல எங்கயாவது ஒரு ஆர்பிஎம்ல மிஷினோ ஜாபோ அதிர்ற எடம் இருந்தா அந்த இடத்துல மட்டும் ஒரு மங்கல் பட்டை வரும். சின்ன டேப்பர்ல டயா பெருசா மாறலன்றதால ஜி97ல ஒரே ஆர்பிஎம் குடுத்துடலாம், ஃபினிஷுக்கு நஷ்டம் ஒண்ணும் இல்ல, என் கருத்துல 1:20க்கு கீழ எல்லாத்துக்கும் ஜி97தான் நல்லது, பட்டை வந்தா 100, 150 ஆர்பிஎம் ஏத்தி இறக்கி நல்ல எடத்த புடிச்சிடலாம்.

அஞ்சாவது, ஃபினிஷுக்கு முன்னாடி இன்னா விட்டு வெச்சீங்க

ரஃபிங்க கையால ப்ரோக்ராம் எழுதி படிக்கட்டு மாதிரி விட்டிருந்தா ஃபினிஷ் டூல் ஒரு எடத்துல 0.5 வெட்டும், ஒரு எடத்துல 0.1 வெட்டும், ஃபோர்ஸ் ஏறி ஏறி இறங்கும், அந்த படிக்கட்டோட நிழல் ஃபினிஷ் ஆன மேல்பரப்புல அப்படியே தெரியும். ஜி71 ரஃபிங் சைக்கிள் போட்டா கடைசில காண்டூர் பாஸ் ஒண்ணு தானா போவும், அதனால சரியாயிடும், கையால எழுதினா டேப்பருக்கு இணையா ஒரு செமி ஃபினிஷ் பாஸ் கண்டிப்பா போடுங்க. ஃபினிஷுக்கு பக்கத்துக்கு 0.2, 0.25 விடுங்க. 0.05 மட்டும் விட்டா நல்லா வரும்னு நெனக்கிறது தப்பு, இன்சர்ட் முனை கத்தி மாதிரி கூர்மை இல்ல, லேசா உருட்டி விட்டிருப்பாங்க, மெட்டல் ரொம்ப கம்மியா இருந்தா வெட்டாம தேய்க்கும், பரப்பு மங்கலா கிழிஞ்ச மாதிரி வரும், எஸ்எஸ் 304ல இன்னும் மோசம், தேய்ச்ச எடம் கெட்டியாயிடும்.

இன்சர்ட்ட பத்தி சுருக்கமா. ஈஎன்8 மாதிரி ஸ்டீல்ல ஸ்பீடு கம்மியா இருந்தா முனைல மெட்டல் ஒட்டிக்கினு பரப்ப கிழிக்கும், கார்பைடுல 180, 200 மீட்டருக்கு மேல போங்க, ஜாப் பிடிமானம் தாங்குமான்னு பாத்துக்கங்க. வைப்பர் இன்சர்ட் (முனைக்கு பக்கத்துல தட்டையா இருந்து கோட்ட வழிக்கிறது) ஸ்ட்ரெய்ட்டுக்கும் ஃபேசிங்குக்கும் அருமையா வேலை செய்யும், டேப்பர்ல அந்த பலன் கிடைக்காது, டிஎன்எம்ஜி டிஎன்எம்எக்ஸ் டைப் வைப்பர்ல அளவே கொஞ்சம் மாறிடும், டேப்பருக்கு சாதாரண ஃபினிஷ் சிப் பிரேக்கர் போதும். வெட்டி வர்ற சிப் நீளமா வந்து ஜாப்ப சுத்தினா முடிஞ்ச பரப்புல கீறல் போடும், அந்த கீறல் ஒழுங்கில்லாம இருக்கும், பாத்தாலே தெரியும், அதுக்கு ஃபீட கொஞ்சம் ஏத்தினா சிப் உடையும். டூல் சென்டர் ஹைட் தப்பா இருந்தா ஃபினிஷ விட ஷேப்புக்கு கெடுதல், வெளி டேப்பர் நடுவுல லேசா குழிஞ்சி வரும், டேப்பர செக் பண்ற ரிங் கேஜ்ல ப்ளூ, அதாவது நீல மை, போட்டா ரெண்டு முனைல மட்டும் ஒட்டும். ஸ்ட்ரெய்ட்லயும் மார்க் வருதுன்னா இன்சர்ட் சீட்டுக்கு அடில சிப் மாட்டியிருக்குதான்னு பாருங்க, டூல் ஹோல்டர் போல்ட்ட பாருங்க.

தண்ணியும் வெயிலும்

நம்ம வட்டாரத்துல இதை தனியா சொல்லியே ஆவணும். போர் தண்ணி நம்ம பக்கம் நிறைய எடத்துல உப்பு, கடினத் தண்ணி, பாத்திரத்துல வெள்ளை படிமானம் புடிக்கிற தண்ணி. அதுல கூலன்ட் ஆயில கலக்கினா தண்ணில இருக்கிற கால்சியம் மெக்னீஷியம் உப்பு ஆயில பிரிச்சி விட்டுடும், மேல பசை மாதிரி மிதக்கும், டூல் முனைக்கு வெறும் தண்ணி போவும். முனைல மெட்டல் ஒட்டும், பரப்பு கிழியும், ஸ்லைடுல துரு புடிக்கும், ஸ்லைடு ஆயில கழுவி விட்டுடும், அங்கிருந்து எக்ஸ் ஒட்டிக்கிற கதை திரும்ப ஆரம்பம். ஆர்ஓ தண்ணில கலக்குங்க, தண்ணிய ஊத்திட்டு அதுல ஆயில ஊத்தி கலக்கணும், ஆயில்ல தண்ணிய ஊத்தக்கூடாது. ரிஃப்ராக்டோமீட்டர்ல பாத்து 6ல இருந்து 8 சதவீதம் வைங்க, ரிஃப்ராக்டோமீட்டர்ல வர்ற நம்பர கூலன்ட் கம்பெனி குடுத்த ஃபேக்டரால பெருக்கணும், அப்படியே எடுத்துக்காதீங்க. மே மாசத்துல தண்ணி ஆவியாயி ஆயில் மட்டும் தங்கி கான்சன்ட்ரேஷன் ஏறிடும், அப்போ அடிக்கடி பாக்கணும்.

வேலூர் வெயில் உங்களுக்கே தெரியும், 40 டிகிரிக்கு மேல சாதாரணமா போவும், தகர ஷீட் போட்ட ஷெட்டுக்குள்ள இன்னும் மேல. காலைல மிஷின் ஆன் பண்ண உடனே எடுத்த பீஸும் மதியம் ரெண்டு மணிக்கு எடுத்த பீஸும் ஒண்ணா இருக்காது. டயா 10 மைக்ரான் மாறினா 1:20 டேப்பர்ல கேஜ் 0.2 எம்எம் தள்ளி உக்காரும், 1:50ல அரை எம்எம். அதனால கேஜ் உக்காரலன்னதும் ப்ரோக்ராம்ல கோணத்த மாத்திடாதீங்க. காலைல ஒரு 15, 20 நிமிஷம் ஸ்பிண்டிலையும் ரெண்டு ஆக்ஸிஸையும் வார்ம் அப் ஓட்டுங்க, அந்த ஓட்டத்துல எக்ஸ் ஸ்லைடுக்கு ஆயிலும் போய் சேரும்.

அளக்கும்போது

ஆர்ஏ (பரப்போட சொரசொரப்பு) டெஸ்டர்ல நம்பர் நல்லா காட்டுது, கண்ணுக்கு மட்டும் பட்டை தெரியுதுன்னு குழம்புறவங்க நிறைய பேரு. டெஸ்டர்ல கட் ஆஃப் வழக்கமா 0.8 எம்எம் இருக்கும், அதை விட அகலமான அலைய அது கழிச்சிட்டுத்தான் ஆர்ஏ கணக்கு போடும். 1 எம்எம் தூரத்துல படி விழுந்திருந்தா ஆர்ஏ 0.8 வந்தாலும் பரப்பு கெட்டுத்தான் இருக்குது, ப்ளூ போட்டு ரிங் கேஜ்ல வெச்சா வளையம் வளையமா ஒட்டும், கஸ்டமர் திருப்பி அனுப்புவாரு. கண்ணையும் ப்ளூவையும் நம்புங்க. டெஸ்டர டேப்பருக்கு இணையா சாய்ச்சி வெக்கணும், இல்லன்னா ரேஞ்ச் தாண்டிடும்.

எமெரி பேப்பர் பத்தி கெஞ்சி கேட்டுக்கிறேன். கோடு வந்துச்சின்னா கதவு இன்டர்லாக்க பைபாஸ் பண்ணிட்டு, ஓடுற ஜாப்ல எமெரிய சுத்தி கையால இழுக்கிறத சில ஷாப்புல இன்னும் பண்றாங்க. ஜாப் எமெரிய புடிச்சி சுத்திக்கும், கூடவே விரலையும் இழுத்துக்கும், கிளவுஸ் போட்டிருந்தா கையையே இழுத்துக்கும். ஃபோர்மேன் சொன்னாலும் செய்யாதீங்க, செய்ய மாட்டேன்னு சொல்ற உரிமை உங்களுக்கு இருக்குது. பார்ட்டுக்கும் அதுல நல்லது இல்ல, எமெரி ஒரு எடத்துல 10 மைக்ரான் தின்னுடும், ஒரு எடத்துல தின்னாது, பளபளன்னு இருக்கும், டேப்பர் உக்காராது.

இத்தனையும் பாத்து, ஒரு தடவைக்கு ஒண்ண மட்டும் மாத்தி, ஒவ்வொரு பீஸ் மேலயும் மார்க்கர்ல இன்னா மாத்தினீங்கன்னு எழுதி வெச்சி பாத்தும் வரலன்னா ட்ராயிங்க திரும்ப எடுத்து பாருங்க. ஆர்ஏ 0.4க்கு கீழ கேட்டு, ப்ளூ முக்கால்வாசிக்கு மேல ஒட்டணும்னும் போட்டிருந்தா அது சாதாரண டர்னிங்ல புடிக்கிற வேலை இல்ல. மேனேஜர்கிட்ட அதை ட்ராயிங்கோட காட்டி சொல்லிட்டு, டயாவுல 0.3 விட்டு கிரைண்டிங்குக்கு அனுப்பிடுங்க.